தீஞ்சப்புறம் சொல்லு

நம் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு நீங்கள் தினமும் அனுப்பும் வீடியோக்களில் பாதி, பேரப்பிள்ளைகள் ஏதாவது சொல்வதுதான். போன வாரம் வந்த ஒன்றில் ஒரு பொடியன் தன் தகப்பனைப் பார்த்து, "அப்பா, நீங்க செத்துப்போனா இந்த போன் எனக்குத்தானே?" என்று கேட்கிறான். தகப்பன் சிரிக்கிறான். படம் எடுக்கிறவளும் சிரிக்கிறாள் போலிருக்கிறது, படமே ஆடுகிறது. கீழே நீங்கள் எல்லாரும் வரிசையாகச் சிரித்த மூஞ்சி போட்டிருந்தீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. உனக்கு என்னடி கோபம் என்று ஒருத்தி தனியாகக் கேட்டிருந்தாள். கோபமெல்லாம் இல்லை. காரணம் நீளமானது, போனில் ஒரு விரலால் தட்டி முடியாது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியும். மற்றப் பாதி எங்கள் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

உடப்புசல்லாவைக்கு மேலே நம் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்து வரிசையில், தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்து முதல் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், நாங்கள் இருந்தோம். அப்பா மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டுகிறவர். அம்மா கொழுந்து எடுக்கிறவள். நான் மூன்றாம் வகுப்பில் உங்களோடு உட்கார்ந்து சிலேட்டை எச்சில் தொட்டு அழித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சிக்கு அப்போது நாலு வயது. தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில்தான் பகலெல்லாம் கிடப்பாள். அந்த நீளமான கூடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மாவில் கரைத்த பாலும் காயாத துணியும் கலந்த வாசம் வருகிறது.

தங்கச்சி வாயைத் திறந்தால் லயமே சிரிக்கும். ஒரு சாயங்காலம் மூடுபனி எங்கள் கதவு வழியாக உள்ளே வந்தது. அம்மா கதவைச் சாத்தப் போனாள். "சாத்தாதீங்கம்மா, பாவம், அதுக்கும் வெளிய குளிருது" என்றாள் தங்கச்சி. தோட்டத்தை நடத்துகிற துரை எந்நேரமும் ஜீப்பிலேயே போவதைப் பார்த்துவிட்டு, "அவருக்கு நடக்கச் சொல்லிக் குடுக்க அம்மா இல்லையா?" என்று கேட்டாள். அப்பாவிடம், "ஒங்களுக்கு எப்ப லீவு விடுவாங்க, நீங்க பெரிய ஆளானப்புறமா?" என்று கேட்டாள். அம்மாவிடம் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பேர் வாங்கியது. "அம்மா, நான் பெருசாயிட்டா நீங்க சின்னதாயிருவீங்கள்ல? அப்ப நான் ஒங்கள பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டு மலைக்குப் போவேன். அழக்கூடாது, என்னா? அந்திக்கு வந்து தூக்கிக்கிறேன்."

இதையெல்லாம் அப்பா மறுநாள் காலையில் பெரட்டுக்குக் கொண்டுபோவார். விடிந்தும் விடியாத இருட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடுவதற்காக எல்லாரும் குளிரில் கைகட்டி நிற்கிற இடம் அது. அங்கே அப்பாவின் பேச்சை யாரும் காதில் வாங்கியதில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள், ஒதுங்கியே நிற்பார். மகள் பேச ஆரம்பித்த பிறகுதான் அவருக்கும் ஒரு மரியாதை வந்தது. "நேத்து மக என்னா சொன்னா?" என்று கங்காணியே கேட்பாராம். அப்பா குரலைச் சின்னதாக்கி, தலையைச் சாய்த்து, அவளைப் போலவே சொல்லிக் காட்டுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

பக்கத்துக் காம்பரா மாமாவை உங்களுக்கு ஞாபகமிருக்கும். சொந்த மாமா இல்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரைவரை போகாத சுவர், அந்த முறையில் மாமா. அவரிடம் ஒரு பழுப்புக் கம்பளிக் கோட்டு இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு துரை விட்டுப்போனது. தோல் பொத்தான்கள், புகையிலை மணக்கும் பைகள். இடது பையில் பிள்ளைகளுக்கென்று வறுத்த கடலை வைத்திருப்பார். மேலே ஒட்டியிருக்கும் புகையிலைத் தூளை ஊதிவிட்டுத் தின்போம். பனிக்காலம் பிறந்துவிட்டால் அந்தக் கோட்டை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. எங்கள் அப்பாவுக்கு ஓட்டைக் கம்பளி ஒன்றுதான் இருந்தது.

அந்த வருடம் பனி கொட்ட ஆரம்பித்த சமயம். மாமா வாசலை ஒட்டிய இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். தங்கச்சி கோட்டைத் தடவிப் பார்த்தாள்.

"மாமா, நீங்க செத்துப்போனா இந்தக் கோட்டு யாருக்கு?"

மாமாவுக்கு வந்த சிரிப்பில் இருமலே நின்றுவிட்டது. "ஏன் ஆயி, ஒனக்கு வேணுமா?"

"எனக்குப் பெருசு. அப்பாக்குக் குடுங்க. அவருக்குக் குளிருது."

"சரி, ஒங்கப்பனுக்கே குடுத்துர்றேன். சந்தோசமா?"

அத்தை, அதாவது மாமாவின் பெண்சாதி, உள்ளேயிருந்து சிரித்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா மறுநாள் பெரட்டில் அதையும் சொன்னார்.

அந்த வாரம் முடிவதற்குள் மாமா இறந்துபோனார்.

அவர் மாதக்கணக்காக இருமிக்கொண்டிருந்தார். கூரைக்குக் கீழே இடைவெளி விட்ட அந்தச் சுவர்களைத் தாண்டி அந்த இருமலைக் கேட்காத ஆள் மேல் லயத்தில் கிடையாது. டிஸ்பென்சரியில் கொடுத்த ரோஸ் நிறத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வேலைக்குப் போனார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பழி போய் விழுந்தது நாலு வயதுக்காரியின் நாக்கில்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அத்தை எங்கள் வாசலுக்கு வந்தாள். கையில் அந்தக் கோட்டு. அம்மா மாவுக் கையோடு எழுந்து நின்றாள்.

"இந்தா. ஒம்மக கேட்டா, கெடைச்சிருச்சு. ஒம்புருசன போட்டுக்கச் சொல்லு."

கோட்டை வாசற்படியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். புருசனைப் பறிகொடுத்தவளுக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் எங்கள் வீடு இருந்தது. தங்கச்சி கோட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதக் குடுத்துட்டா மாமாவுக்குக் குளிராதா?" என்று கேட்டாள். அவள் சொன்னதற்கு யாருமே சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு ஆளாளுக்குப் பழசைக் கிளற ஆரம்பித்தார்கள். "எங்க மாடு ஏன் இப்படி மெலிஞ்சிருக்குன்னு கேட்டா, மறுவாரமே பால் நின்னுச்சு" என்றாள் ஒருத்தி. தன் சேவலைப் பார்த்து அவள் என்னவோ சொன்னதாகவும், அதைக் கீரி பிடித்துவிட்டதாகவும் இன்னொருத்தி சொன்னாள். கடைசியில் கோடிக் காம்பராக் கிழவி வந்து, தங்கச்சியின் கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தி வாயைத் திறந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நாக்கின் ஓரத்தில் எள்ளளவு ஒரு கறுப்பு.

"கருநாக்கு" என்றாள் கிழவி.

கருநாக்குக்காரர்கள் கெட்டதைச் சொன்னால் அப்படியே பலிக்கும் என்று நம் ஆட்கள் எவ்வளவு உறுதியாக நம்பினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இப்போது என் நாக்கில் அப்படி இரண்டு மூன்று கறுப்பு இருக்கிறது, வயதானால் வரும்போல. நானும் சில பேரை மனதில் வைத்துக்கொண்டு என்னென்னவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை.

கிழவி அதோடு விடவில்லை. "ஊசிய நல்லா காயவச்சு அந்த எடத்துல ஒரு பொட்டு வச்சிட்டா வாக்கு போயிரும். சின்னதுலயே செஞ்சிரணும்" என்றாள். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா தங்கச்சியை இழுத்துத் தன் சேலைக்குள் மூடிக்கொண்டாள்.

"எம்புள்ள நாக்குல யாரும் கை வைக்க வேணாம். அவ வாய நான் பாத்துக்கிறேன்."

"பாத்துக்க. இன்னொன்னு நடந்தா லயத்து ஆளுக சும்மா இருக்க மாட்டாங்க" என்றாள் கிழவி.

அன்று சாயங்காலமே அம்மா பாடத்தை ஆரம்பித்தாள். அடுப்பில் ரொட்டிக் கல், ஈர விறகின் புகை, தங்கச்சி முழங்காலைக் கட்டிக்கொண்டு எதிரே.

"இங்க பாரு. கெட்டது எதையும் வாயால சொல்லக்கூடாது. நீ சொன்னா நடந்துரும். வெளங்குதா?"

தங்கச்சி யோசித்தாள். "மழை வரும்னு சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"அட்டை கடிக்கும்னு?"

"வேணாம்."

"பசிக்குதுன்னு?"

அம்மாவின் கை கொஞ்சம் நின்றது. "அத எங்கிட்ட மட்டும் சொல்லு."

"ரொட்டி தீயப் போவுதுன்னு?"

"சொல்லாத."

"தீஞ்சு போச்சுன்னா?"

"தீஞ்சப்புறம் சொல்லு. நடந்து முடிஞ்சத சொன்னா தப்பில்ல."

தங்கச்சி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, இப்ப சொல்லலாம். ரொட்டி தீஞ்சிருச்சு" என்றாள். உண்மையாகவே ஒரு பக்கம் கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். ஆனால் அதை அவர் பெரட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

அந்தப் பனிக்காலம் எங்கள் வீட்டில் சத்தமில்லாமல் கழிந்தது. காலையில் பெண்கள் கூடையோடு எங்கள் வாசலைக் கடந்து போகும்வரை தங்கச்சி வெளியே வரக்கூடாது. அவள் முகத்தில் விழித்துவிட்டு யாரும் மலையேறத் தயாராக இல்லை. கதவுப் பலகையின் வெடிப்பு வழியாக, போகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிள்ளைக்காம்பரா ஆயம்மா அவளை மற்றப் பிள்ளைகளோடு சேர்க்காமல் ஓரத்தில் படுக்க வைத்தாள். ஏதாவது கெட்டது மனதில் தோன்றினால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

ஒரு நாள் குளிப்பாட்டும்போது அவள் காலில் முள் ஏறிச் சீழ் வைத்திருந்ததை அம்மா பார்த்தாள். எத்தனை நாளாக அதோடு நடந்தாளோ தெரியாது.

"ஏன்டி சொல்லல?"

"இன்னும் முடியலம்மா. வலிச்சுக்கிட்டே இருக்கு. முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அம்மா அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆனால் போட்ட கட்டளையை மாற்றவில்லை. மாற்றுவதற்கு அவளுக்குப் பயம். காயவைத்த ஊசி அவள் கண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும். அம்மா முட்டாள் இல்லை. அவளும் பாதி நம்பினாள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் தங்கச்சியைப் பிள்ளைக்காம்பராவிலிருந்து கூட்டிக்கொண்டு, போத்தலில் தேத்தண்ணியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் மலைக்குப் போவது வழக்கம். அந்த வாரம் கொழுந்து எடுத்த மலையின் ஓரத்தில் ஒரு பெரிய சவுக்கு மரம். அம்மா எப்போதும் அதன் அடியில்தான் கூடையை இறக்கிவைத்துச் சாப்பிடுவாள். இடுப்பில் கட்டியிருக்கும் சாக்குப் படங்கை அவிழ்த்துத் தரையில் விரிப்பாள். அதில் தங்கச்சி மல்லாந்து படுத்து மரத்தைப் பார்ப்பாள்.

அன்றும் அப்படித்தான் படுத்திருந்தாள். திடீரென்று எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

"என்னாடி?" என்றாள் அம்மா.

தங்கச்சி இல்லை என்று தலையாட்டினாள். பிறகு அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "விடு, கொழுந்து நிறுக்க நேரமாச்சு" என்று அம்மா கையை விலக்கினாள். ரொட்டி தொண்டையில் சிக்கியிருக்கும் என்று நினைத்து நான் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அடுப்பங்கரையில் அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"அம்மா, நாளைக்கு நீங்க பிள்ளைக்காம்பராவுக்குப் போங்க. நான் மலைக்குப் போறேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்டி, நீ பெருசாயிட்டியா?"

"ஆமா, இன்னைக்கு ஆயிட்டேன். நீங்க அங்க படுத்துத் தூங்குங்க. அந்திக்கு வந்து தூக்கிக்கிறேன்."

சொல்லிவிட்டு மூலையில் இருந்த கொழுந்துக் கூடையின் கயிற்றை எடுத்துத் தலையில் மாட்டினாள். கூடை தரையில் இழுபட்டது. அதையும் இழுத்துக்கொண்டு கதவுவரை போனாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "எம்மக திரும்பி வந்துட்டா" என்றார். நாங்கள் சிரிக்கச் சிரிக்க அவள் அழ ஆரம்பித்தாள். தூக்கம் வந்துவிட்டது என்று அம்மா அவளைத் தூக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில், பல வாரங்களுக்குப் பிறகு, அப்பா பெரட்டில் மகள் சொன்னதைச் சொன்னார். குரலைச் சின்னதாக்கி, தலையைச் சாய்த்து, இல்லாத கூடையை இழுத்தும் காட்டினாராம். கருநாக்கு என்று ஒதுங்கியவர்களும் சிரித்தார்கள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவும் சிரித்தாராம். மலையேறும்போது மற்றப் பெண்கள் அம்மாவைக் கேலி செய்துகொண்டே போனார்கள். "ஏன்டி, நீ பிள்ளைக்காம்பராவுக்குப் போகலையா?"

மத்தியானத்துக்கு முன்பே மலையில் குளவிக்கூடு கலைந்துவிட்டது. பருந்து ஒன்று கூட்டைக் கொத்தியதாகப் பிறகு சொன்னார்கள். வாத்தியார் ஓடிவந்து ஜன்னல்களைச் சாத்தச் சொன்னது உங்களுக்கும் ஞாபகமிருக்கும். நாம் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து ஏதோ விளையாட்டு என்று சிரித்துக்கொண்டிருந்தோம். மலையில் பெண்கள் செடிகளைக் கிழித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மரத்தடியிலேயே இருந்த அம்மாவால் தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றை உடனே கழற்ற முடியவில்லை. கானுக்குள் விழுந்திருக்கிறாள். கூட்டம் அத்தனையும் அவள் மேல் இறங்கியது. அப்பா தன் ஓட்டைக் கம்பளியை அவளுக்குச் சுற்றி, கொழுந்து லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ராகலையைத் தாண்டுவதற்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மா போன விதம் நீங்கள் அறிந்ததுதான். எங்கள் வீட்டுக்குள் தங்கிப்போனதில் மிச்சம் இனிமேல்தான்.

தங்கச்சி இப்போது லிந்துலைப் பக்கம் தன் மகன் வீட்டில் இருக்கிறாள். நல்லபடியாகத்தான் இருக்கிறாள். போனில் பேசினால் எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வாள். காய்ச்சல் வந்ததை, காய்ச்சல் விட்ட பிறகு சொல்வாள். போன வருடம் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்ததை, வீட்டுக்கு வந்து சோறு ஆக்கத் தொடங்கிய பிறகு சொன்னாள். அவள் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், என்னால் முடியவில்லை.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம். அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கம்பளி அம்மாவோடு போய்விட்டது. அத்தை கொண்டுவந்து போட்ட நாளிலிருந்து அந்தக் கோட்டு ஆணியிலேயே தொங்கியது, போடவும் பயம், எறியவும் பயம். அன்று குளிர் தாங்காமல், எது என்று பார்க்காமலே, அப்பா அதை எடுத்து மாட்டியிருந்தார். உள்ளே பெண்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். கிழவி வெளியே வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றாள்.

"நீதானேப்பா பெரட்டுல சொன்ன? தூங்குங்கன்னு தாயப் பாத்துச் சொல்லியிருக்கா. அந்திக்கு வந்து தூக்கிக்கிறேன்னும் சொல்லியிருக்கா. அந்திக்குத்தான தூக்கினோம்? ஊசிய அன்னைக்கே வச்சிருந்தா இன்னைக்கு இது இல்ல."

கிழவி உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் இருந்த தங்கச்சி மெதுவாக வந்து அப்பாவின் முழங்காலருகே நின்றாள். நான் அவருக்கு அடுத்த பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, இப்ப சொல்லலாமா?"

"என்னா ஆயி?"

"அம்மா குந்துற மரத்துல, மேல, பெரிய குளவிக்கூடு இருக்கு. நான் படுத்திருக்கப்ப பாத்தேன்."

அப்பா அவளையே பார்த்தார்.

"நான் யாருகிட்டயும் சொல்லலப்பா. வாயப் பொத்திக்கிட்டேன். அக்காகிட்டகூட சொல்லல. அப்புறம் எப்படிப்பா நடந்துச்சு?"

அப்பாவின் வாயிலிருந்து வந்த சத்தத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. கோட்டின் தோல் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தங்கச்சியை உள்ளே இழுத்துக் கோட்டோடு மூடிக்கொண்டார். அவள் முகம் மட்டும் வெளியே தெரிந்தது.

"இனிமே எல்லாத்தையும் சொல்லிரு ஆயி. தீயறதுக்கு முந்தியே சொல்லிரு. என்னா? சத்தமாச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லு" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார்.

தங்கச்சி கோட்டுக்குள்ளிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள்.